பதிவாகியும் பார்க்கப்படாத 40 மில்லிகெல்வின்

கண்ட்ரோல் சிஸ்டம் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் பேசுவது 2008 செப்டம்பர் 19 அன்று செர்ன் ஆய்வகத்தில் நடந்த விபத்தைப் பற்றித்தான்.

ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள எல்எச்சி துகள் முடுக்கியில் முதல் புரோட்டான் கற்றை சுற்றி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அன்று கற்றை ஓடவில்லை. ஒரு பகுதியின் காந்தங்களுக்கு மின்னோட்டத்தைப் படிப்படியாக ஏற்றிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சுமார் 8,700 ஆம்பியரில், இரு காந்தங்களுக்கு நடுவிலிருந்த மீக்கடத்தி (கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்) இணைப்பு சூடேறி அறுந்தது. அங்கே மூண்ட மின்வில், காந்தங்களைக் குளிர்விக்கும் ஹீலியத்தின் உறையைத் துளைத்துவிட்டது. ஏறக்குறைய 6 டன் ஹீலியம் வெளியேறி, அதன் அழுத்தத்தில் பல டன் எடையுள்ள காந்தங்கள் இடம்பெயர்ந்தன. பழுதுபார்க்க 53 காந்தங்களைச் சுரங்கத்திலிருந்து மேலே கொண்டுவந்தார்கள். கற்றை மறுபடி சுற்றியது 2009 நவம்பரில்.

தானியங்கிப் பாதுகாப்புக்குக் குறைவே இல்லாத இடம் அது. ஒரு காந்தம் மீக்கடத்தும் நிலையை இழந்தால், அதற்குள் எழும் 100 மில்லிவோல்ட்டைக் கண்டதுமே பாதுகாப்பு மின்சுற்று இயங்கும். ஆனால் காந்தங்களை இணைக்கும் கடத்திகளுக்கு வைத்திருந்த வரம்பு 1 வோல்ட். பழுதான இணைப்பின் மின்தடை 200 நானோ ஓம் அளவில் இருந்திருக்க வேண்டும் என்று பிறகு கணக்கிட்டார்கள். பெருக்கிப் பாருங்கள், 8,700 ஆம்பியரில் கிடைப்பது 2 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. ஆகவே, இணைப்பு கைமீறிப் போன பிறகுதான் கருவிக்கே விஷயம் தெரிந்தது. அப்போது மிச்சமிருந்த நேரம் ஒரு வினாடிகூட இல்லை.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. நான்கு நாள் முன்பு, 7,000 ஆம்பியர் சோதனையின்போது, அதே இடத்தில் வெப்பநிலை 40 மில்லிகெல்வின் (ஒரு டிகிரியில் நூறில் நான்கு பங்கு) அளவுக்குக் கூடியிருக்கிறது. ஏதோ ஒன்று அங்கே பத்து வாட் அளவுக்கு வெப்பம் விட்டுக்கொண்டிருந்தது. சென்சார் அளந்தது, கணினி சேமித்தது. விபத்துக்குப் பின் தோண்டியெடுக்கும் வரை அந்தப் பதிவு எவர் கண்ணிலும் படவில்லை.

நாம் வேலை செய்யும் சிறிய கிரையோஸ்டாட்டிலும் (கடுங்குளிரைப் பேணும் கலம்) வெற்றிடக் கலத்திலும் நடப்பது இதுவேதான். ஆயிரக்கணக்கான அளவீடுகள் லாக் ஆகின்றன. அலாரம் வரம்புகளோ பழைய கோப்பிலிருந்து அப்படியே நகலெடுத்தவையாக இருக்கும். இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பல ஆய்வகங்களில் பதில் கிடையாது. வரம்பு என்பது ஒரு கணக்கு. எந்தப் பழுது, எவ்வளவு சமிக்ஞை தரும், அது தெரிந்த பிறகு நிறுத்த எவ்வளவு நேரம் இருக்கும் என்று இயற்பியலாளரும் கண்ட்ரோல் பொறியாளரும் சேர்ந்து உட்கார்ந்து போட வேண்டியது. செர்னில் அதைத்தான் செய்தார்கள். இணைப்புகளைத் தனித்தனித் துண்டுகளாகக் கண்காணிக்கும் புதிய அமைப்பின் வரம்பு 0.3 மில்லிவோல்ட்.

ஆபத்து வந்தால் இயந்திரத்தைத் தானாக நிறுத்தும் இன்டர்லாக்கைத் தற்காலிகமாக முடக்கிவைக்கும் பைபாஸும் இதே ரகம். சோதனைக்காக ஒரு மணி நேரம் போடும் ஜம்பர் கம்பி மாதக்கணக்கில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். திரையில் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். ஆகவே பைபாஸ் போட்டவர் பெயர், காரணம், எடுக்க வேண்டிய நேரம் மூன்றும் பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் ஷிஃப்ட் பொறுப்பாளர் அடுத்த ஓட்டத்துக்கு அனுமதி தரக் கூடாது. கூடவே, முந்தைய ஓட்டத்தின் வெப்பநிலை, அழுத்த வரைபடங்களை அலாரம் அடிக்காவிட்டாலும் விரித்துப் பார்க்க ஒருவரை நியமியுங்கள். அரை மணி நேர வேலைதான்.