விலா எலும்பு சொல்லும் கணக்கு

ஜனவரி விடிகாலையில் ஊட்டிப் பக்கத்துப் புல்வெளிகளைப் பார்த்தால் உப்பைக் கொட்டிப் பரப்பியதுபோல உறைபனி கிடக்கும். வெயில் ஏறினால் பனி போய்விடும், ஆனால் கிக்கூயூ புல் கருகி வைக்கோல் நிறமாகிவிடும். அடுத்த மழைவரை மாட்டுக்கு அதுதான் மேய்ச்சல். இந்த நாட்களில் நான் முதலில் பார்ப்பது மாட்டின் விலாவைத்தான். ஐந்து மாதக் கன்று இன்னும் முட்டி முட்டிக் குடிக்கிற மாட்டுக்கு விலா எலும்புகளைத் தூரத்திலிருந்தே எண்ணிவிடலாம். பால் வற்றிய மாடோ அதே புல்லை மேய்ந்தும் கொஞ்சம் தேறி நிற்கும்.

காரணம் பால்தான். தீனி குறைந்ததும் பால் உடனே நின்றுவிடுவதில்லை. தாயின் உடம்பு தன் கொழுப்பைக் கரைத்து மடிக்கு அனுப்புகிறது, அது தீர்ந்தால் தசையையும் கரைக்கிறது. பால் உச்சத்தில் இருக்கும்போது வற்றிய மாட்டைப்போல ஒன்றரை மடங்கு தீனிச்சத்து அதற்கு வேண்டும். கருகிய புல்லில் அதற்கு எங்கே போவது? இதற்கு ஒரு வழி, கன்றை வழக்கத்தைவிட முன்கூட்டியே தாயிடமிருந்து பிரித்துப் பால்குடியை நிறுத்துவது.

அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இறைச்சிக்கென வளர்க்கும் மாடுகளை யாரும் கறப்பதில்லை. பால் முழுக்கக் கன்றுக்குத்தான். வழக்கமாக 6 முதல் 8 மாதத்தில் கன்றைப் பிரிப்பவர்கள், வறட்சி வந்தால் 3 முதல் 5 மாதத்திலேயே பிரித்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் மாட்டின் உடல்நிலைக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுகிறார்கள். ஒரு மதிப்பெண் ஏற ஏறக்குறைய 40 கிலோ கூட வேண்டும். குளிரில், பால் கொடுத்துக்கொண்டே அதை ஏற்றுவது பெரும்பாடு. கன்றைப் பிரித்துவிட்டால் சாதாரண மேய்ச்சலிலேயே மாடு தேறத் தொடங்கும்.

மறுசினைக்கும் இதில் பங்குண்டு. கன்று காம்பைச் சப்புவதும், தன் கன்று பக்கத்தில் நிற்பதைத் தாய் உணர்வதும் மூளையில் ஒரு தடையைப் போடுகின்றன. கருமுட்டையை வெளிவரச் செய்யும் எல்.எச். ஹார்மோனின் துடிப்பு அடங்கிவிடுகிறது. மாடு மெலிந்தும் இருந்தால் பருவத்துக்கு வர மாதக்கணக்கில் தள்ளிப்போகும். சினைக்காலம் சுமார் 283 நாள். ஆண்டுக்கொரு கன்று வேண்டுமென்றால் ஈன்று 80 நாளுக்குள் சினை பிடித்தாக வேண்டும். ஐந்தாம் மாதத்தில் பிரித்தால் உடம்பு தேறும், ஆனால் அந்தக் கெடு போயே போய்விட்டது.

சரி, கன்று என்னாவது? மாட்டு வயிற்றின் நாலு அறைகளில் முதலாவது, தீனி புளிக்கும் பெருவயிறு. பிறந்த கன்றுக்கு அது வளர்ந்திருக்காது. குடிக்கும் பால் அதைத் தாண்டி நேரே நான்காம் வயிற்றுக்குப் போகிறது. தவிடும் நொறுக்கிய மக்காச்சோளமும் உள்ளே போய்ப் புளித்தால்தான், அதில் வரும் பியூட்டிரிக் அமிலத்தின் தூண்டுதலில் வயிற்றுச் சுவரில் துவாலை நூல்போலச் சின்னச் சின்ன முளைகள் வளரும். சத்தை உறிஞ்சுவது அவைதான். அதனால் பிரிப்பதற்குச் சில வாரம் முன்பே கைப்பிடி கைப்பிடியாகத் தீவனம் பழக்கிவிட வேண்டும். இதைச் செய்யாமல் பிரிப்பது கன்றைப் பட்டினி போடுவதுதான்.

நம் மலையில் கறக்கிற நாட்டு மாட்டுக்கும் எருமைக்கும் இதை அப்படியே செய்துவிடக் கூடாது. கன்று முட்டாவிட்டால் அவற்றில் பல பாலை இறக்கவே இறக்காது.

பிரித்த மூன்று நாலு நாள் தாயும் கன்றும் கத்தும். நடுவே ஒரு வேலி மட்டும் இருந்து, இரண்டும் முகர்ந்துகொள்ள முடிந்தால் கத்தல் குறைகிறது. மடி கல்லாக இறுகும். பாவமென்று கறந்தால் இன்னும் ஊறும். விட்டுவிட்டால் தேங்கிய பாலின் அழுத்தமே சுரப்பை நிறுத்திவிடும், ஒன்றிரண்டு வாரத்தில் மடி தளரும். தொட்டுப் பார்த்துச் சூடோ சிவப்போ தெரிந்தால் மட்டும் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.