மூலையில் எவ்வளவு மிஞ்சும்? தெர்மோஃபார்மிங்கின் கணக்கு

ஒரு மாத்திரை அட்டையைக் கையில் எடுத்து, குழிகளுக்கு நடுவே தட்டையாக இருக்கும் இடத்தையும் குழியின் சுவரையும் மாறி மாறித் தடவிப் பாருங்கள். இரண்டும் ஒரே பிளாஸ்டிக் ஷீட்தான். ஆனால் குழியின் சுவர் மெலிந்திருக்கும். தட்டையான ஷீட்டைச் சூடாக்கி இழுத்ததில் வந்த மெலிவு அது. மாத்திரை அட்டை, பிளாஸ்டிக் முட்டைத் தட்டு, பிரிட்ஜின் உள்பக்க வெள்ளைச் சுவர் எல்லாமே இப்படித்தான் பிறக்கின்றன. இந்த முறைக்குத் தெர்மோஃபார்மிங் என்று பெயர்.

செய்முறை எளிது. ஷீட்டின் நான்கு ஓரத்தையும் சட்டத்தில் இறுகப் பிடித்து ஹீட்டருக்கு அடியில் வைப்பார்கள். இளகி, நடுவில் தொய்வு விழும்போது அச்சின் மேல் இறக்கி, அச்சிலுள்ள பொடித் துளைகள் வழியாக உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சுவார்கள். மீதி வேலையை வெளியே உள்ள காற்று பார்த்துக்கொள்ளும். காற்று மண்டலம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறக்குறைய 1 கிலோ எடையளவுக்கு அழுத்துகிறது. 20க்கு 20 செ.மீ. பெட்டி என்றால் 400 கிலோ.

மலிவின் ரகசியமும் இதில்தான் இருக்கிறது. இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில் உருகிய பிளாஸ்டிக்கை மூடிய அச்சுக்குள் பல நூறு மடங்கு அழுத்தத்தில் செலுத்துவார்கள். 300 மடங்கு என்று வைத்தாலும், அதே பெட்டிக்கு அச்சு பிளந்துகொள்ளாமல் பிடிக்க 120 டன் விசை வேண்டும். பெரும்பாலும் எஃகைக் குடைந்துதான் அந்த அச்சைச் செய்வார்கள், அதுவும் இரண்டு பாதிகளாக. தெர்மோஃபார்மிங்குக்கு ஒரு பக்க அச்சு போதும். சில மாதிரிகள் மட்டும் எடுக்க மரமே தாங்கும். ஆயிரக்கணக்கில் என்றால் அலுமினியம்.

அச்சு மலிவு என்பதால் பொருளும் மலிவாகிவிடும் என்று நினைப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு வடிவம் சாத்தியமா என்று கேட்டால், நான் முதலில் பார்ப்பது விலையை அல்ல, பரப்பளவை. ஷீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் அவ்வளவுதான், புதிதாக எதுவும் வந்து சேராது. பரப்பு கூடினால் தடிமன் குறைந்தே ஆக வேண்டும்.

நம் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். வாய் 20க்கு 20 செ.மீ., ஆழம் 10 செ.மீ. வாயின் பரப்பு 400 சதுர செ.மீ. அடியும் நான்கு சுவர்களும் சேர்ந்து 1,200. அதாவது மூன்று மடங்கு இழுவை. 1.5 மி.மீ. ஷீட் சராசரியாக 0.5 மி.மீ. ஆகிவிடும். ஒரு தட்டையான சுவரின் விறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்தது என்பதால், தடிமன் மூன்றில் ஒன்றானால் விறைப்பு 27-ல் ஒன்றாகிவிடும். சுவர்களில் வரிவரியாகப் பள்ளம் போடுவது அழகுக்காக அல்ல, இழந்த விறைப்பில் கொஞ்சத்தை மீட்பதற்காக.

சராசரியும் முழு உண்மையைச் சொல்லாது. சூடான ஷீட் குளிர்ந்த அச்சை எங்கே முதலில் தொடுகிறதோ, அங்கேயே உறைந்து நின்றுவிடும். அதற்குப் பிறகு நீளும் சுமை முழுவதும் இன்னும் அச்சைத் தொடாத பகுதியின் தலையில். குழிவான அச்சில் கடைசியாக நிரம்புவது அடி மூலைகள். அதனால் அவைதான் மிக மெல்லியவை, கீழே விழுந்தால் முதலில் விரிசல் விடுவதும் அவையே. மூலையை வளைவாக்கலாம், ஆழத்தைக் குறைக்கலாம். ஆழம் 6 செ.மீ. போதும் என்றால் இழுவை 2.2 மடங்குதான், சராசரி ஏறக்குறைய 0.7 மி.மீ. வரும். இரண்டும் முடியாதென்றால், உறிஞ்சுவதற்கு முன் ஒரு கட்டையால் ஷீட்டை உள்ளே தள்ளி, பிளாஸ்டிக்கை அடிவரை கொண்டுசேர்க்க வேண்டும்.

அப்புறம், பொருளை அச்சிலிருந்து கழற்றுவதற்குத் தேவையான சுவரின் சரிவு. குளிரும்போது பிளாஸ்டிக் சுருங்கும். குழிவான அச்சில் சுருக்கம் பொருளைச் சுவரிலிருந்து விலக்கிவிடும், 2, 3 டிகிரி சரிவு போதும். மேடான அச்சிலோ அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், 5 டிகிரி வரைகூடத் தேவைப்படும். உள்பக்கம் கொக்கி போல மடங்கும் வடிவம், திருகுக்கான தடித்த கால், இடத்துக்கு இடம் விரும்பிய தடிமன் ஆகியவற்றை இந்த முறையில் எதிர்பார்க்கவே கூடாது.

எந்தப் பிளாஸ்டிக் என்பதற்கு, பொருள் எங்கே இருக்கப்போகிறது என்று கேட்டாலே பாதி விடை வந்துவிடும். பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் 70, 80 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அது ஆபத்தான எல்லை. ஏபிஎஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக் 100 டிகிரி வாக்கில்தான் இளகும்.

சரி, செலவு. சட்டம் பிடிக்கச் சுற்றிலும் 3 செ.மீ. விட்டால் 20க்கு 20 பெட்டிக்கு 26க்கு 26 ஷீட் வேண்டும். 676-ல் 276, அதாவது 41 சதவீதம், வெட்டியெடுக்கும் ஓரமாகப் போகிறது. ஒரே ஷீட்டில் பல பெட்டிகளை நெருக்கி அடுக்கினால் இது குறையும். வெட்டும் வேலைக்கும் தனியாக ஆளோ இயந்திரமோ தேவை. ஆகவே ஒரு பெட்டிக்கு ஆகும் செலவு இங்கே கூடுதல். உதாரணத்துக்கு, இந்த அச்சுக்கு 100 பங்கு, இன்ஜெக்‌ஷன் அச்சுக்கு 2,000 பங்கு, பெட்டி ஒன்றுக்கு இங்கே 3 பங்கு, அங்கே 1 பங்கு என்று வைத்தால், 950 பெட்டிகளில் இரண்டும் சமமாகும். அதற்குக் கீழே நின்றால் தெர்மோஃபார்மிங், மேலே போனால் மற்றது. உங்கள் எண்களை இதில் போட்டுப் பாருங்கள்.

இத்தனையும் காகிதத்தில் சரியாக வந்தால், ஒரு மர அச்சும் ஒரு மார்க்கரும் போதும். ஷீட் முழுக்க 1 செ.மீ. கட்டங்கள் வரைந்து, பிறகு சூடாக்கி இழுங்கள். வாயோரத்தில் கட்டங்கள் அப்படியே இருக்கும், சுவரில் நீண்டிருக்கும், அடி மூலையில் உப்பி விரிந்திருக்கும். அங்கே ஒரு கட்டம் 2.5க்கு 2 செ.மீ. ஆகியிருந்தால் பரப்பு ஐந்து மடங்கு, மிஞ்சிய தடிமன் 0.3 மி.மீ. விளக்குக்கு எதிரே பிடித்தால் அந்த மூலை மட்டும் வெளிறித் தெரியும். அச்சின் மூலையில் புட்டி பூசி, வளைவைக் கூட்டி, அடுத்த ஷீட்டை மாட்ட வேண்டியதுதான்.