மழை சென்ட்டும் அதில் தெரியும் ஆளும்

தூய மழைநீருக்கு வாசனை கிடையாது. வானத்திலிருந்து விழும் துளி தரையைத் தொட்ட பிறகுதான் மணம் எழுகிறது. அப்படியென்றால் 'மழை' என்று பெயர் எழுதிய ஒரு சென்ட் பாட்டிலுக்குள் என்னதான் இருக்கிறது? இன்னொரு கேள்வியும் உண்டு. இந்த வகை சென்ட்டை முகர்ந்தவர்கள் வாசனையோடு நிறுத்துவதில்லை, ஓர் ஆளையே வர்ணிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அமைதியானவர், அதிகம் பேசாதவர், ஜன்னலோரம் தனியாக உட்கார விரும்புபவர் என்றெல்லாம். அந்த ஆள் எங்கிருந்து வருகிறார்?

முதலில் மண்வாசனை. 1964இல் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். காய்ந்து கிடந்த பாறைகளையும் களிமண்ணையும் நீராவியால் வடித்தபோது அவர்களுக்கு ஓர் எண்ணெய் கிடைத்தது. வறண்ட நாட்களில் செடிகொடிகள் வெளியிடும் எண்ணெய்ப் பொருட்கள் மண்ணிலும் கல்லிலும் ஊறித் தங்குகின்றன, ஈரம் பட்டதும் வெளியேறுகின்றன. இதற்குத்தான் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜில் அத்தர் வடிப்பவர்கள் இந்த வாசனையை அதற்கு முன்பே பிடித்து வைத்திருந்தார்கள். சுட்ட களிமண்ணைச் செப்புப் பாத்திரத்தில் தண்ணீரோடு காய்ச்சி, வரும் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவது அவர்கள் முறை. பேரும் தாமஸும் தங்கள் கட்டுரையில் இந்தத் தொழிலைக் குறிப்பிட்டார்கள்.

மண்வாசனையின் இன்னொரு பெரிய பங்காளி ஜியோஸ்மின் என்ற மூலக்கூறு. ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற மண் பாக்டீரியாக்கள் இதை உண்டாக்குகின்றன. 1965இல் அமெரிக்காவில் நான்சி கெர்பரும் ஹூபர்ட் லெஷெவாலியேயும் இதைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார்கள். நம் மூக்கு இதை அறியும் கூர்மை திகைக்க வைக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 10 நானோகிராம் அளவில் இருந்தாலே பலருக்குத் தெரிந்துவிடும். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. பாக்டீரியா எதற்காக இவ்வளவு மெனக்கெட்டு மணக்கிறது என்பதற்கு 2020இல் ஓர் அழகான விடை கிடைத்தது. மண்ணில் வாழும் ஸ்பிரிங்டெயில் என்ற மிகச் சிறிய உயிரிகள் இந்த மணத்தைத் தேடி வருகின்றன. வந்து பாக்டீரியாவைத் தின்றுவிட்டு, அதன் வித்துகளை உடம்பில் சுமந்துகொண்டு பரப்புகின்றன. நாம் ரசிப்பது வேறொரு உயிரினத்துக்கு அனுப்பப்பட்ட அழைப்பு என்று நினைக்கும்போது எனக்கு அந்த மணத்தின் மேல் இன்னும் பிரியம் கூடுகிறது.

இந்த மணம் தரையிலிருந்து மூக்குக்கு ஏறி வருவது எப்படி? 2015இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லன் பூயியும் யங்சூ ஜுங்கும் அதிவேகக் கேமராவில் படம்பிடித்துக் காட்டினார்கள். நுண்துளைகள் உள்ள தரையில் துளி விழும்போது அடியில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள் சிக்குகின்றன. சோடாவில் குமிழி மேலேறுவதுபோல அவை துளிக்குள் ஏறி உச்சியில் வெடிக்கின்றன. வெடிக்கும்போது மண்ணில் இருந்ததையும் நுண்திவலைகளாகக் காற்றில் வீசுகின்றன. கொட்டும் மழையைவிட மிதமான மழையில்தான் இது அதிகம் நடக்கிறது.

சரி, ஜியோஸ்மினைப் பாட்டிலில் ஊற்றினால் மழை சென்ட் ஆகிவிடுமா? ஆகாது. இம்மி கூடினாலும் பூஞ்சை பிடித்த நிலவறை வாசமும் பீட்ரூட் வாசமும் வந்துவிடும். பீட்ரூட்டின் மண் வாடைக்குக் காரணமும் இதே மூலக்கூறுதான். அதனால் சென்ட் கலைஞர்கள் மழையை வேறு பொருட்களால் தீட்டுகிறார்கள். கேலோன் என்ற செயற்கைச் சேர்மம் கடல்காற்றையும் தர்பூசணியையும் நினைவூட்டும். அது ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1966இல் கண்டறியப்பட்டது. வெட்டிய புல்லின் பச்சை வாசத்துக்கு ஹெக்ஸெனால், ஈரமான வேரும் மண்ணும் தெரிய வெட்டிவேர் எண்ணெய், மரப்பட்டையின் ஈரத்துக்குப் பாசி வகைகள் என்று சேர்ப்பார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 1906இல் ஜாக் கெர்லான் பாரிஸில் உருவாக்கிய 'ஆப்ரே லோந்தே'. மழைத் தூறலுக்குப் பின் என்பது அதன் பொருள். ஜியோஸ்மினும் கேலோனும் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. அவர் வயலெட், ஹீலியோட்ரோப் பூக்களின் மணத்தை வைத்தே நனைந்த தோட்டத்தைக் காட்டினார். வயலெட் மணத்துக்கு ஆதாரமான அயோனோன் 1893இல்தான் செயற்கையாகத் தயாராகியிருந்தது. அதற்கு ஒரு வினோத குணம் உண்டு. சற்று நேரம் முகர்ந்தால் மூக்கு அதை உணர்வதை நிறுத்திவிடும், பிறகு திடீரென்று மீண்டும் தெரியும். தோன்றி மறைந்து தோன்றும் இந்த மணத்தைத்தான் பலர் கூச்சம், ஏக்கம் என்று படிக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

ஆக, குணச்சித்திரத்தின் ஒரு பகுதி வேதியியலிலேயே இருக்கிறது. எந்த சென்ட்டிலும் எளிதில் ஆவியாகும் இலேசான மூலக்கூறுகள் முதலில் கிளம்பும், கனமானவை மணிக்கணக்கில் தோலில் தங்கும். மழை சென்ட்டில் குளிர்ந்த காற்றும் பச்சை இலையும் சில நிமிடங்களில் போய்விடுகின்றன, வேரும் பாசியும் மிஞ்சுகின்றன. துள்ளலாக ஆரம்பித்து நிதானமாக மாறும் ஒருவரைப் பார்ப்பது போன்ற உணர்வு இந்த வரிசையால் வருகிறது.

மிச்சப் பகுதி மூளையின் வேலை. கண்ணும் காதும் அனுப்பும் செய்தி தாலமஸ் என்ற இடைநிலையத்தைக் கடந்துதான் பெருமூளைப் புறணிக்குப் போகிறது. வாசனை மட்டும் அந்த வழியைச் சுற்றாமல், உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவுக்கும் நினைவைக் கையாளும் பகுதிக்கு அருகிலும் நேராகச் சென்றுவிடுகிறது. மழை பெய்யும்போது வெளிச்சம் குறைகிறது, வேலை நிற்கிறது, வீட்டுக்குள் ஒதுங்குகிறோம். பலமுறை அப்படி நடந்த பிறகு அந்த மணமே அந்த மனநிலையைக் கூட்டி வருகிறது. அதே மணம் வெள்ளத்தில் வீட்டை இழந்தவருக்கு அமைதியைத் தராமல் பயத்தைத் தரலாம். மூலக்கூறு ஒன்றுதான், வாழ்ந்த வாழ்க்கை வேறு.

பெயருக்கும் பெரிய பங்கு உண்டு. ரேச்சல் ஹெர்ட்ஸும் ஜூலியா வான் கிளெஃபும் 2001இல் வெளியிட்ட சோதனையில் ஒரே அமிலக் கலவையை ஒருமுறை பார்மசான் சீஸ் என்றும் இன்னொருமுறை வாந்தி என்றும் சொல்லி முகரக் கொடுத்தார்கள். முதல் பெயரில் பிடித்த மணம் இரண்டாவது பெயரில் அருவருப்பானது. பாட்டிலில் 'மழை' என்ற எழுத்தைப் படித்த கணத்திலேயே நாம் பாதி ஆளைக் கற்பனை செய்துவிடுகிறோம்.

எந்த சென்ட் பிடிக்கிறதோ அதை வைத்து ஒருவரின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று விற்பனைப் பேச்சில் வருவதை நான் ஏற்க மாட்டேன். ஆனால் பூசியவரின் நடத்தை மாறுவது உண்மை. 2009இல் கிரெய்க் ராபர்ட்ஸ் குழுவினர் சில ஆண்களுக்கு மணமுள்ள டியோடரண்டும் மற்றவர்களுக்கு மணமற்ற ஸ்ப்ரேயும் கொடுத்தார்கள். மணமுள்ளதைப் பூசியவர்களின் தன்னம்பிக்கை கூடியது. ஒலியில்லாத வீடியோவில் அவர்களைப் பார்த்த பெண்கள், வாசனையை முகராமலேயே, அவர்களை அதிகக் கவர்ச்சியானவர்கள் என்றார்கள். அசையாத புகைப்படத்தில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. மணம் அவர்களின் அசைவுக்குள் போயிருந்தது. 2012இல் பிராக் ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். ஒருவர் தானே தேர்ந்தெடுத்த சென்ட் அவரது உடல் மணத்தோடு சேரும்போது, மற்றவர் தேர்ந்து கொடுத்ததைவிட இனிமையாக இருந்தது.

ஆகவே மழை சென்ட் வாங்க நினைப்பவர் காகிதத் துண்டில் முகர்ந்து முடிவு செய்ய வேண்டாம். மணிக்கட்டில் பூசி, அரை மணி நேரமாவது போகட்டும், வேர் வாசம் மேலே வரட்டும். அதற்குள் உங்கள் மூக்கு அதற்குப் பழகிவிட்டிருக்கும். அப்புறம் பெயரைச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரிடம் கையை நீட்டி, இது எப்படிப்பட்ட ஆள் என்று கேளுங்கள்.