கணக்கு என்றதும் கை ஏன் நடுங்குகிறது?

52-இல் 27 போனால் எவ்வளவு? இரண்டில் ஏழு போகாது. பக்கத்து ஐந்திடம் கடன் வாங்க வேண்டும். ஐந்து நான்காகிவிட்டதை மறக்கக் கூடாது. பன்னிரண்டில் ஏழு போக ஐந்து, நான்கில் இரண்டு போக இரண்டு, விடை 25. கடன் வாங்கியது, மிச்சம் இருப்பது, அடுத்துச் செய்ய வேண்டியது என்று அத்தனையையும் சில விநாடிகள் மனதில் பிடித்துவைத்திருக்க வேண்டும். அந்த இடத்துக்குப் பெயர் செயல்நினைவு. எல்லோருக்குமே அது சின்ன சிலேட்டு அளவுதான்.

டிஸ்கால்குலியா என்னும் கணக்குக் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு ஏழு என்பது எவ்வளவு என்பதே சட்டென்று பிடிபடாது. பன்னிரண்டில் ஏழு போக எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் விரல் விட்டு எண்ணித்தான் ஆக வேண்டும். வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடான டிஸ்லெக்சியாவில் சிக்கல் வேறு மாதிரி. வாய்ப்பாட்டை நாம் பெரும்பாலும் ஓசையாகத்தான் மனதில் வைத்திருக்கிறோம்; ஓசைகளைச் சேமித்து எடுப்பதுதான் இவர்களில் பலருக்குக் கடினம். கணக்கின் கருத்து நன்றாகப் புரிந்த பிள்ளைகூட “ஏழெட்டு?” என்றால் விழிப்பது இதனால்தான். ஆக, சிலேட்டு ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கிறது.

அதன் மேல் பயம் வந்து உட்காருகிறது. “தப்பாகிவிடுமோ, எல்லோரும் சிரிப்பார்களோ” என்ற எண்ணங்களும் அதே இடத்தைத்தான் பிடிக்கின்றன. அமெரிக்க உளவியலாளர்கள் மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க் இருவரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களைச் சில எழுத்துகளை நினைவில் வைத்துக்கொண்டே கூட்டல் போடச் சொன்னார்கள். எழுத்துகள் அதிகமாகி, கூட்டலிலும் மீதி எடுத்துச்செல்ல வேண்டி வந்தபோது, கணக்கைக் கண்டு பயப்படுகிறவர்கள்தான் அதிகம் சறுக்கினார்கள். 2012-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மூளை ஆய்வாளர் வினோத் மேனனின் குழு 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் செய்தது. பயம் கூடியவர்களிடம் கணக்குப் போடும்போது அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டாலா என்ற மூளைப் பகுதி கூடுதலாக இயங்கியது. கணக்குக்கு வேண்டிய பகுதிகளில் இயக்கம் குறைந்திருந்தது.

பயம் இருந்தால் குறைபாடும் இருக்கும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 2018-இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் ஆய்வில் கடுமையான கணக்குப் பயம் கொண்ட பிள்ளைகளில் 77 சதவீதம் பேர் சராசரியாகவோ அதற்கு மேலோ மதிப்பெண் வாங்குகிறவர்கள். ஆனால் டிஸ்கால்குலியா உள்ளவர்களிடம் அந்தப் பயம் மற்றவர்களைவிட இரு மடங்கு காணப்பட்டது. ஒன்றுக்கு வைத்தியம் பார்த்தால் இன்னொன்றும் தானாகச் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது என்பதால், இரண்டையும் தனித்தனியே கவனிக்க வேண்டியிருக்கிறது.

பயம் போகக் கணக்கை விட்டு விலக்கி வைப்பதுதான் வழி என்று பலர் நினைக்கிறார்கள். மேனன் குழுவின் 2015 ஆய்வு அதற்கு நேர்மாறாகக் காட்டியது. 8 வாரம் ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததும், பயந்த பிள்ளைகளின் பயம் குறைந்தது. அமிக்டாலாவின் பரபரப்பும் அடங்கியது. கணக்கில் கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கும் அதே குழு இப்படிச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தது. அவர்களுடைய மூளை இயக்கம் மற்ற பிள்ளைகளுடையதைப் போலவே மாறியது. எட்டு வாரத்தில் குறைபாடே போய்விடும் என்று இதற்கு அர்த்தமில்லை. பழகப் பழக மூளையின் இயக்கம் மாறக்கூடும் என்பதைத்தான் இது காட்டுகிறது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? முதலில் சிலேட்டைக் காலி செய்யுங்கள். அதே 52 − 27-க்கு ஒரு கோடு போட்டு, 27-லிருந்து 30-க்கு 3, 30-லிருந்து 50-க்கு 20, அப்புறம் 52-க்கு 2 என்று தாவச் சொல்லுங்கள். 3, 20, 2 மூன்றும் தாளிலேயே இருக்கின்றன, கூட்டினால் 25. கடனே வாங்கவில்லை. ஏழாம் வாய்ப்பாட்டை ஓர் அட்டையில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். விரல் விட்டு எண்ணுவதைத் தடுக்காதீர்கள். நிறுத்துக் கடிகாரத்தைக் கண்ணில் படாமல் எடுத்துவிடுங்கள்.

இந்தியாவில் 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்சியா, டிஸ்கால்குலியா இரண்டையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் சிபிஎஸ்இ பொதுத்தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பயம் முளைப்பது பத்தாம் வகுப்பில் அல்ல, மூன்றாம் வகுப்பு மனக்கணக்குப் போட்டியில். அங்கே அந்த 20 நிமிடத்தைக் கேட்டு வாங்க ஆசிரியரிடம் பெற்றோர்தான் போய்ப் பேச வேண்டியிருக்கிறது.