கீரைத் தொட்டிக்குக் கஞ்சா வழக்கா? மகஜரில் கையெழுத்துப் போடும் முன்...

பெங்களூரில் மாடியில் புளிச்சக்கீரை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. விரல்விரலாகப் பிரிந்து, ஓரம் பல்பல்லாக இருக்கும் அந்த இலை எதிர்மாடியிலிருந்து பார்ப்பவருக்குக் கஞ்சாவாகத் தெரியலாம். அவர் 112-க்கு அடித்தால் போதும், வாசலில் போலீஸ்.

1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி, கஞ்சாச் செடி வளர்த்தால் 10 ஆண்டு வரை சிறை. "ஒரு செடிதானே", "பூக்கவே இல்லையே" என்பதெல்லாம் எடுபடாது. சிறிய அளவு, பெரிய அளவு என்ற கணக்கு கையில் வைத்திருப்பதற்குத்தான், வளர்ப்பதற்கு இல்லை. அப்புறம், சமையலறைக் கசகசாவைத் தொட்டியில் தூவாதீர்கள். முளைத்தால் அது அபின் செடியேதான். தெரியாமல் செய்தேன் என்று நிரூபிப்பதும் உங்கள் பாடு.

வீட்டைச் சோதனை போட கான்ஸ்டபிளுக்கு அதிகாரம் இல்லை, அவருக்கு மேற்பட்ட அதிகாரி வர வேண்டும். வாரண்டு இல்லாமல் இரவில் வந்தால் காரணத்தை எழுதி வைத்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் சோதனையை வீடியோ எடுப்பதும் கட்டாயம். செடியைப் பிடுங்கும் முன் இலை, தண்டு, பூ மூன்றையும் நீங்களும் படம் எடுத்துவிடுங்கள். கஞ்சா இலையில் ஒவ்வொரு விரலும் தனி இலை. புளிச்சக்கீரையில் எல்லாம் அடியில் ஒட்டியிருக்கும்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் மகஜர், அதாவது சோதனையில் கண்டதையும் பிடித்ததையும் போலீஸ் எழுதி, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கும் ஆவணம். கன்னடத்தில் எழுதுவார்கள், நம்மில் பலருக்குப் பேச வரும், படிக்க வராது. அதில் 'காஞ்சா கிட' (கஞ்சாச் செடி) என்று இருந்தால் 'சந்தேகத்துக்குரிய செடி' என்று மாற்றச் சொல்லுங்கள். மறுத்தால், கையெழுத்துக்கு மேலே தமிழிலேயே எழுதுங்கள்: "இது புளிச்சக்கீரை என்று சொன்னேன். எனக்கு வாசித்துக் காட்டவில்லை." அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சியாக இருக்க வேண்டும்; ஸ்டேஷனிலிருந்தே சாட்சியைக் கூட்டி வந்திருந்தால் அதையும் எழுதுங்கள். பிடித்த பொருள்களின் பட்டியல் நகல் உங்கள் உரிமை. "நாளைக்கு வாங்க" என்றால் நகரவே நகராதீர்கள்.

பிடித்த செடியைப் பரிசோதிக்கும் ஆய்வகம் 15 நாளில் அறிக்கை தர வேண்டும் என்பது 2022 விதி. அதை நம்பி நாள்காட்டியைக் கிழிக்க வேண்டாம்.

"ஏனூ இல்லா, ஹோகி" (ஒன்றுமில்லை, போங்கள்) என்று அனுப்பிவிட்டால் நிம்மதியாகிவிடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட்டார்களா என்று கேளுங்கள். போட்டிருந்தால், 'பி ரிப்போர்ட்' (வழக்கை முடித்துக்கொள்ளப் போலீஸ் தரும் அறிக்கை) தாக்கலாகி கோர்ட் அதை ஏற்கும்வரை வழக்கு உயிரோடுதான் இருக்கும். பாஸ்போர்ட் சரிபார்ப்பில் அது உங்களைத் தேடி வரும்.

வேண்டுமென்றே பொய்த் தகவல் கொடுத்தவருக்கு 2 ஆண்டு வரை சிறை உண்டு, அதே போதைப்பொருள் சட்டத்தின் பிரிவு 58. ஆனால் தகவல் யார் கொடுத்தது என்று போலீஸ் சொல்லத் தேவையில்லை, பிரிவு 68. இரண்டையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் இலவசச் சட்ட உதவி எண் 15100. அங்கே வருமானச் சான்றிதழ் கேட்டு அலையவிட்டால் திருப்பிச் சொல்லுங்கள்: பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பே கிடையாது.