தொப்பூர் கணவாயில் லாரி மோதினால் யார் மேல் கேஸ் போடுவீர்கள்?

வக்கீலான என்னிடம் ஏஐ மோசடி என்று இந்த மாதம் வந்ததில் இது நான்காவது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். மகன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்க்கிறான். காலையில் ஒரு போன். மகனின் குரல், அழுகையோடு: "அப்பா, வண்டிய இடிச்சிட்டேன், போலீஸ் புடிச்சி வச்சிருக்கு, உடனே பணம் போடு." மருமகளின் தோட்டை அடகுக்கடையில் வைத்து, பக்கத்து வீட்டுப் பையனைப் பிடித்து ஜிபேயில் போட்டுவிட்டார். அந்த நேரத்தில் மகன் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தான். ஓய்வு நாளில் ரீல்ஸ் போடுகிற பையன். குரலை எங்கிருந்து எடுத்திருப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். பணம் போய்ப் பதினோரு நாள் கழித்து வந்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். ஊரில் நாலெழுத்து படித்த ஒருவர் சொன்னாராம்: "இது ஏஐ பண்ணது. நம்ம நாட்டுல ஏஐக்குச் சட்டமே கிடையாது. போலீசுக்குப் போயி பிரயோஜனமில்ல." மற்ற மூன்று பேருக்கும் இதே ஞானத்தைத்தான் யாரோ ஊட்டியிருந்தார்கள்.

ஆகவே பொறுமையாகச் சொல்கிறேன். தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காத லாரி ஒன்று இறங்கி வந்து மோதுகிறது. "லாரிதானே செய்தது" என்று வீட்டுக்குப் போய்விடுவோமா? தர்மபுரியில் வக்கீல் தொழில் செய்கிறவர்களில் பாதிப் பேர் அந்த ஒரு இறக்கத்தை வைத்தே எம்.ஏ.சி.டி. (மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்) கேஸ் நடத்துகிறோம். லாரி உரிமையாளர் ஒன்றாம் எதிர்மனுதாரர், இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டாம் எதிர்மனுதாரர். பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று மனுதாரர் படித்துவிட்டு வரவேண்டும் என எந்த நீதிபதியும் கேட்டதில்லை. சொல்லப்போனால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 164-ன் கீழ் யார் தவறு என்று நிரூபிக்கக்கூட வேண்டாம். இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம்.

குரலைத் திருடி ஏமாற்றியதும் அப்படித்தான். கருவி புதிது, குற்றம் பழையது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ல் 66சி அடுத்தவர் அடையாளத்தைத் திருடுவதற்கு, 66டி கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்கு. இரண்டுக்கும் மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 319-ல் ஆள்மாறாட்டத்துக்கு ஐந்து வருடம் வரை உண்டு. இதில் எந்தப் பிரிவும் "மிமிக்ரி செய்தால் மட்டும்" என்று சொல்லவில்லை.

சரி, அப்படியானால் புதுச் சட்டமே வேண்டாமா? 2025 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட ஏஐ வழிகாட்டுதல்களின் சாரம் ஏறக்குறைய அதுதான்: இப்போதைக்குத் தனிச் சட்டம் தேவையில்லை, இருப்பவை போதும். மோசடிக்காரனைப் பொறுத்தவரை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாக் கெடுதலையும் மோசடிக்காரனே செய்வதில்லை.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் ஒரு பெண். வாசலில் முகம் பார்த்து வருகை பதியும் மெஷின். மாதத்தில் ஆறு நாள் அவர் முகத்தை அது ஏற்கவில்லை, ஆறு நாள் சம்பளம் போயிற்று. ஒப்பந்ததாரரைக் கேட்டால் "மெஷின் அப்படித்தான் காட்டுது" என்றார். நிர்வாகம் சாஃப்ட்வேர் கம்பெனியைக் காட்டியது. சாஃப்ட்வேர் கம்பெனி தன் ஒப்பந்தத்தைக் காட்டியது. நோட்டீஸ் அனுப்பியதும் சம்பளம் வந்துவிட்டது, தொகை சின்னது என்பதால். அதுவே வேலை நீக்கமாக இருந்திருந்தால்? மெஷின் எதை வைத்து முடிவு செய்தது என்று கேட்க அந்தப் பெண்ணுக்கு நேரடியான வழியில்லை. 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி வரை போகும், கேட்கவே பெருமையாக இருக்கும். ஆனால் அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குத்தான் போகும், பாதிக்கப்பட்டவருக்கு அந்தச் சட்டத்தில் இழப்பீடு கிடையாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம் 2024 ஆகஸ்ட் 1-ல் நடைமுறைக்கு வந்தது. ஆபத்தைப் பார்த்துத் தரம் பிரிக்கிறார்கள். வேலை செய்யும் இடத்தில் முகத்தைப் பார்த்து மனநிலையைக் கணிக்கும் மெஷினுக்கு 2025 பிப்ரவரியிலிருந்து தடை, மருத்துவம், பாதுகாப்பு தவிர. ஆள் எடுப்பது, கடன் கொடுப்பதா வேண்டாமா என்று பார்ப்பது எல்லாம் அதிக ஆபத்துப் பட்டியலில். தடையை மீறினால் 3.5 கோடி யூரோ அல்லது உலக வருமானத்தில் 7 சதவீதம் வரை. அதை அப்படியே இங்கே நகலெடுக்கச் சொல்லவில்லை, நம் ஊர் ஒப்பந்ததாரருக்கு யூரோ கணக்கு புரியாது. எனக்கு வேண்டியது எம்.ஏ.சி.டி. மாதிரி ஒன்று. மெஷினை வைத்து லாபம் பார்க்கிறவர் ஒன்றாம் எதிர்மனுதாரர். தப்பில்லை என்று நிரூபிக்கும் சுமை அவருக்கு. கூலியோ கடனோ பயிர்க் காப்பீடோ, மெஷின் மறுத்தால் காரணம் தமிழில் எழுத்தில் வரவேண்டும், கீழே ஒரு மனிதரின் கையெழுத்தோடு.

கனடாவில் 2024-ல் இதை ஒரு தீர்ப்பாயம் எளிதாக முடித்தது. ஏர் கனடா விமானக் கம்பெனியின் சாட்பாட் (கேட்டால் பதில் எழுதும் மெஷின்), துக்கத்துக்குப் போகிறவர்களுக்கான கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொல்லிவிட்டது. சாட்பாட் சொன்னதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று கம்பெனி வாதாடிப் பார்த்தது. எடுபடவில்லை, பணத்தைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

எங்கள் ஆட்களும் யோக்கியர்கள் இல்லை. நியூயார்க்கில் 2023-ல் சாட்ஜிபிடி கற்பனை செய்த தீர்ப்புகளை மனுவில் போட்ட வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம். தீர்ப்பு எழுத ஏஐ கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தன் மாவட்ட நீதிமன்றங்களுக்குச் சொல்லிவிட்டது. கட்சிக்காரர்களே, நீங்களும் கேளுங்கள். முன்சீப் கோர்ட் தீர்ப்பு மேல் சப் கோர்ட்டில் அப்பீல் போட 30 நாள். 90 நாள் உயர் நீதிமன்றத்துக்கு. போனில் ஏஐயைக் கேட்டேன், 90 என்று வந்தது என்று எண்பதாவது நாள் வந்து நிற்காதீர்கள். தாமதத்தை மன்னிக்கும் மனுவில் "மெஷின் சொன்னது" என்று நான் எப்படி எழுதுவேன்?

பணம் போனால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள். வக்கீல் அப்புறம். அழைப்புப் பட்டியல், குரல் பதிவு, பணம் போன ரசீது எதையும் அழிக்காதீர்கள், போனை விற்கவும் வேண்டாம். கோர்ட்டில் மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-ன் கீழ் சான்றிதழ் கேட்பார்கள். குரலை நம்பிப் பணம் போடாதீர்கள், துண்டித்துவிட்டுப் பிள்ளையின் பழைய நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு கேள்வி இருக்கட்டும், சின்ன வயசில் வளர்த்த ஆட்டின் பெயர் மாதிரி.

ஊரில் நாலெழுத்து படித்தவர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். தெரியாவிட்டால் "ஸ்டேஷனுக்குப் போங்க" என்று மட்டும் சொல்லுங்கள்.

பெரியவரின் புகாரை எழுதி வாசித்துக் காட்டினேன். "ஏஐன்னு பேரு போட வேணாமா சார்?" என்றார். வேண்டாங்க ஐயா என்றேன். எதிரி என்ற இடத்தில் "அடையாளம் தெரியாத நபர்" என்று எழுதியிருந்தேன். இங்க் பேடை அவர் பக்கம் தள்ளினேன்.