கோடி: பர்மியரின் ‘குடே’யும் நம்முடைய எண்ணும்

யாங்கோன் தமிழ் வீடுகளில் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். தாத்தா ஒரு மனையின் விலை ஒரு கோடி சாட் (பர்மிய நாணயம்) என்பார், தரகர் அதையே நூறு தெய்ன் என்பார், பர்மியப் பள்ளியின் கணக்குப் புத்தகத்திலோ ஒரு குடே என்று இருக்கும். எல்லாம் ஒன்றுதான், ஒன்றுக்குப் பின்னால் ஏழு பூஜ்யம்.

குடே என்பது பாலி மொழியின் கோடி. பௌத்தத்தோடு பர்மாவுக்கு வந்த சொல், பேச்சில் ‘கடே’ என்று தேய்ந்துவிட்டது. சமஸ்கிருதத்தில் கோடிக்கு வில்லின் முனை என்றும் பொருள் உண்டு, இந்த எண் என்றும் உண்டு. தமிழில் தெருக்கோடி, கடைக்கோடி என்கிறோமே, அங்கேயும் அதே முனைதான். எண்ணாகவும் இது நமக்குப் புதிதல்ல, ‘கோடி தொகுத்தார்க்கும்’ என்று குறளிலேயே இருக்கிறது. அதனால் லட்சத்தை நூறாயிரம் என்று எழுதுங்கள், நல்ல தமிழ். கோடியை மட்டும் அப்படியே விடலாம் என்பது என் கருத்து. பிரித்துச் சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் நூறு நூறாயிரம்.

பர்மிய மொழியில் பத்து மடங்கு ஏற ஏற ஒவ்வொரு படிக்கும் தனிப்பெயர் உண்டு: பத்தாயிரம் தவுங், நூறாயிரம் தெய்ன், பத்து லட்சம் தன், அப்புறம் குடே. நமக்கு ஆயிரத்துக்கும் லட்சத்துக்கும் நடுவிலும், லட்சத்துக்கும் கோடிக்கும் நடுவிலும் தனிச்சொல் இல்லாமல் ‘பத்து’ போட்டுச் சமாளிக்கிறோம். மொழி மாற்றிச் சொல்லும்போது ஒரு பூஜ்யம் நழுவுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதிலும் நாம் 1,00,00,000 என்று எழுதுவதை மூன்று மூன்று இலக்கமாக 10,000,000 என்று பிரித்துப் போட்டிருந்தால் கண்ணும் ஏமாந்துவிடும்.

சரி, எண்ணுக்கு வருவோம். கோடியை உடைத்தால் ஏழு இரண்டும் ஏழு ஐந்தும்தான் கிடைக்கும், வேறு பகா எண்ணே கிடையாது. ஒரு வகு எண்ணில் இரண்டு பூஜ்யம் முதல் ஏழு தடவை வரை, எட்டு விதமாக வரலாம், ஐந்தும் அப்படியே. ஆகவே அதை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் எட்டெட்டு அறுபத்து நான்கு. மூன்று பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஒன்று மிஞ்சும். ஏழு ஒற்றைப்படை என்பதால் கோடி எந்த முழு எண்ணின் வர்க்கமும் அல்ல. அதன் வர்க்கமூலம் 3,162-க்குக் கொஞ்சம் மேலே நிற்கும்.

ஆனால் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம், அதுவும் நான்கு விதமாக! 3000-இன் வர்க்கம் 90 லட்சம், 1000-இன் வர்க்கம் 10 லட்சம், கூட்டினால் கோடி. இது பார்த்த உடனே தெரிகிறது. 2600-உம் 1800-உம் ஒரு ஜோடி, 3160-உம் 120-உம் இன்னொன்று. நான்காவது ஜோடி சுலபத்தில் அகப்படாது: 2456, 1992. ஒரு காகிதத்தில் பெருக்கிப் பாருங்கள், 60,31,936-உம் 39,68,064-உம் வரும், இரண்டையும் கூட்டினால் இலக்கத்துக்கு இலக்கம் பூஜ்யமாகி முன்னால் ஒரே ஒரு ஒன்று மட்டும் நிற்கும்.